சடாரி வைத்த இருபத்துநாலு மெஷின்கள்

முப்பத்திரண்டு வயதில் எனக்குச் சால்வை போர்த்தி அனுப்பிவைத்தார்கள். கல்லூரியில் யார் வேலையை விட்டுப் போனாலும் சால்வைதான். அறுபது வயது, முப்பது வயது என்ற கணக்கெல்லாம் கிடையாது. அந்தச் சால்வை இப்போது என் மகளின் தொட்டிலில் விரிப்பாகக் கிடக்கிறது. அவளுக்குப் பதினான்கு மாதம். அவளை விட்டுவிட்டு வேலைக்குப் போக மனம் வராமல் நின்றுவிட்டேன். நின்றது சரிதானா என்று வாரத்துக்கு இரண்டு முறையாவது எனக்குள் வழக்கு நடக்கும். தீர்ப்பு ஒவ்வொரு முறையும் மாறும்.

என் இடத்துக்கு வந்திருக்கும் சௌமியா போன வாரம் போன் செய்தாள். "அக்கா, லேப்புக்குப் புது மெஷின் வருது. பழசு எல்லாத்தையும் பூஜை முடிஞ்சதும் எடுத்துட்டுப் போயிடுவாங்களாம். அது எப்படி ஓடுச்சு, நீங்க எப்படிப் பாத்துக்கிட்டீங்கன்னு எழுதிக் குடுங்கக்கா. இங்க யாருக்கும் தெரியல" என்றாள். ஒரு பக்கம் எழுதினால் போதும் என்றுதான் உட்கார்ந்தேன். பதினேழாம் நம்பர் மெஷினைப் பற்றி எழுதாமல் அந்த ஒரு பக்கத்தைக்கூட முடிக்க முடியவில்லை.

திருச்சியில் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மகளிர் கல்லூரி அது. கணிப்பொறியில் பட்டம் முடித்துவிட்டு, ஒரு வருஷம் ஒரு பயிற்சி மையத்தில் தட்டச்சுக்கும் கணிப்பொறிக்கும் நடுவில் எதையோ சொல்லிக்கொடுத்துவிட்டு, அங்கே லேப் உதவியாளராகச் சேர்ந்தேன். ஒன்பது வருஷம் இருந்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் இருபது நிமிஷம்.

நான் சேர்ந்தபோது லேப்பில் இருபத்துநாலு மெஷின்கள். வரிசைக்கு எட்டாக மூன்று வரிசை. பாதிக்கு மேல் ஹார்ட் டிஸ்க் செத்துப்போயிருந்தது. மீதி பாதியில் வைரஸ். லேப் பொறுப்பாளர் ஜரீனா மேடம் ஒரு நாள் திருப்புளியை எடுத்து, இருபத்துநாலிலிருந்தும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டார்கள். நல்லாயிருந்ததையும் சேர்த்து. "பாதி வேலை செய்யும், பாதி செய்யாதுன்னா, நமக்குத் தினமும் அதைக் கண்டுபிடிக்கிறதே வேலையாயிடும்ங்க" என்றார்கள்.

அதன் பிறகு எங்கள் மெஷின்கள் எல்லாம் மெமரியிலேயே ஓடின. வழக்கமாக ஆபரேட்டிங் சிஸ்டம் ஹார்ட் டிஸ்க்கில் குடியிருக்கும். வேண்டியபோது வேண்டியதை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். இது அப்படியில்லை. நாற்பது, ஐம்பது பாட்டுகள் பிடிக்கும் இடத்தில் அடங்கிவிடுகிற குட்டி லினக்ஸ். பென்டிரைவைச் செருகி மெஷினைப் போட்டால், மொத்தமும் மெமரிக்குள் ஏறி உட்கார்ந்துவிடும். ஏறி முடிந்ததும் பென்டிரைவை உருவிவிடலாம். அதன் பிறகு அந்த மெஷினுக்கு யார் தயவும் வேண்டாம். பழைய மெஷின் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், அத்தனை வேகம். ஆனால் அணைத்தால் எல்லாம் மறந்துபோகும். மறுநாள் காலையில் பிறந்த குழந்தை மாதிரி மறுபடி முதலிலிருந்து.

காலை எட்டேமுக்காலுக்கு என் வேலை தொடங்கும். முதல் மெஷினில் பென்டிரைவைச் செருகுவேன். திரையில் எழுத்துகள் ஓடும். பென்டிரைவின் சின்ன விளக்கு மினுக்கும். மினுக்குவது நின்று ஐந்து எண்ணிய பிறகுதான் உருவ வேண்டும். அவசரப்பட்டு மூன்றில் உருவினால் பாதி ஏறி நிற்கும். அப்புறம் இரண்டாம் மெஷின். ஒரே பென்டிரைவ் வரிசையாக இருபத்துநாலுக்கும் போய்வர அரைமணி நேரம் ஆகும்.

சீக்கிரம் வந்து உட்கார்ந்திருக்கும் பெண்களில் ஒருத்தி ஒரு நாள் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் வைங்கக்கா" என்றாள். பெருமாள் கோவிலில் அர்ச்சகர் வரிசையில் நிற்கிறவர்கள் தலையில் ஒவ்வொன்றாகச் சடாரி வைத்து எடுத்துக்கொண்டு போவாரே, அது போல இருக்கிறதாம். அன்றிலிருந்து அந்தப் பென்டிரைவுக்குப் பெயர் சடாரி. ஜரீனா மேடம் மட்டும் பல மாதம் "அந்த டிரைவ்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு நாள் என்னைத் தனியே கூப்பிட்டு, "ரேவதி, நானும் அப்படிச் சொல்லலாமாங்க? யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்களே?" என்று கேட்டார்கள். "தாராளமா சொல்லுங்க மேடம்" என்றேன். மறுநாள் லேப் வாசலிலிருந்தே குரல் வந்தது: "சடாரி எங்கங்க வச்சீங்க?"

மேடம் என்னைவிட ஐந்து வயதுதான் பெரியவர்கள். எல்லாருக்கும் "ங்க"தான், முதலாமாண்டு மாணவிக்கும், தூக்கம் போட்டுவிட்ட பிரிண்டருக்கும். "எழுந்திருங்க, ஒரு பக்கம்தான்" என்று பிரிண்டரிடம் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். குரல் உயர்ந்து கேட்டதில்லை. அதற்குப் பதில் சீட்டு எழுதுவார்கள். நாலு விரல் அகலத்தில் வெள்ளைத்தாள், நீல மை, கீழே வலது மூலையில் தேதி. தேதியில்லாத சீட்டு குப்பை என்பது லேப் சட்டம்.

இன்னும் நாலு சட்டங்கள் இருந்தன. மாணவிகள் தங்கள் பென்டிரைவைக் கொண்டுவரக் கூடாது. சடாரியில் எதையும் பதியக் கூடாது. அது சுத்தமாக இருந்தால்தான் இருபத்துநாலும் சுத்தமாக எழும். அவரவர் வேலையைக் கேபிள் வழியாக மேடத்தின் மேஜையிலிருக்கும் பெரிய மெஷினுக்கு அனுப்பிவிட வேண்டும். மாலையில் நான் ஒவ்வொரு மெஷினாகப் போய்த் திரையைப் பார்த்து, ஏதாவது திறந்திருக்கிறதா என்று பார்த்து, திரையிலிருந்தே அணைக்க வேண்டும். அணைக்கும்போது 'சேமிக்கவா?' என்று கேட்கும். 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டும். சுவரிலிருக்கும் வரிசை சுவிட்சைத் தட்டி எட்டையும் ஒன்றாக அணைப்பது கூடவே கூடாது.

ஆறு வருஷம் நான் தட்டவில்லை. ஏழாம் வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தைய நாள், புதன்கிழமை, மத்தியானம் இரண்டேகாலுக்குத் தட்டினேன்.

அந்த வாரம் திங்களும் செவ்வாயும் நான் லீவு. மாமியாருடன் சமயபுரம் போய்விட்டு, மறுநாள் வீட்டில் பூஜைக்கு ஒழித்துப் போடும் வேலை. புதன் காலை வந்தபோது மேடம் இல்லை; தஞ்சாவூரில் ஒரு நிக்காஹ், சாயங்காலம் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். காலையில் வகுப்புகள் நடந்தன. மூன்று மணிக்குத் துறைத் தலைவரும் முதல்வரும் தீபாராதனைக்கு வருவார்கள். அதற்குள் இருபத்துநாலு மெஷினையும் ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை பொட்டலம் கட்ட வேண்டும். தண்ணீர் கையோடு மெஷினைத் தொடுவதென்றால் மின்சாரம் இருக்கக் கூடாது. முதல் இரண்டு வரிசையை முறைப்படி அணைத்தேன். மூன்றாம் வரிசைக்கு நேரமில்லை. எட்டுத் திரையும் கறுப்பாகத்தான் இருந்தன.

தட்டிவிட்டுத் துடைத்துக்கொண்டே வந்தேன். பதினேழாவது மெஷினின் திரையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'அணைக்காதீங்க.' மூலையைப் பார்த்தேன், தேதி இல்லை. பழைய சீட்டு என்று உரித்துக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் பொட்டு வைத்தேன். மெஷினுக்கு இரண்டு பொட்டு, கீபோர்டின் ஸ்பேஸ் பாரில் தாராளமாக ஒன்று.

மூன்றரை மணிக்குக் கோமதி வந்தாள். முதுகலை இறுதியாண்டு, வையம்பட்டி பக்கம் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். கையில் பொரிப் பொட்டலம். பதினேழின் முன்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அக்கா, இங்க ஒரு சீட்டு இருந்துச்சே?" என்றாள்.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. புரியாதது போல, "எந்தச் சீட்டும்மா?" என்று கேட்டேன். அந்தக் கேள்விக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

அவள் சொன்னது இது. திங்கள் மத்தியானம் மூன்றாம் வரிசைக் கேபிளை எலி கடித்துவிட்டது. பெரிய மெஷினுக்கு எதுவும் போகவில்லை. மற்ற வரிசைகளில் வகுப்பு. "நீங்க இதிலேயே தட்டுங்க, அணைக்காம வச்சிருப்போம். புதன் சாயங்காலம் நான் வந்து கேபிளை மாத்தி எடுத்துத் தரேன்" என்று மேடம் சொல்லிச் சீட்டும் ஒட்டிவிட்டார்கள். திங்கள், செவ்வாய், புதன் காலை என்று அவள் தட்டியதெல்லாம் பதினேழின் மெமரியில் மட்டும் இருந்தது. புதன் காலையில் நான் சடாரியோடு வருவதற்குள்ளேயே அவள் அங்கே உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்ததை நானும் பார்த்தேன். சாப்பிடப் போகும்போது திரையை மட்டும் அணைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

போனது அவளுடைய ப்ராஜெக்ட்டின் நாலாம், ஐந்தாம் அத்தியாயங்களும் அதற்கான அளவு அட்டவணைகளும். ஊர்க் கிணறுகளில் தண்ணீர் மட்டம் எப்படி ஏறி இறங்குகிறது என்று கணிக்கும் நிரல் அது. விடுமுறை முடிந்து கல்லூரி திறக்கும் திங்கட்கிழமை காலைதான் கடைசி நாள். கொடுக்காவிட்டால் அந்த செமஸ்டர் பரீட்சை எழுத முடியாது.

மேடத்துக்குப் போன் செய்தேன். பஸ்ஸில் இருந்தார்கள், பின்னால் ஹாரன் சத்தம். "மேடம், பதினேழை அணைச்சுட்டேன். சீட்டுல தேதி இல்லை மேடம்" என்று ஒரே மூச்சில் சொன்னேன். தேதி இல்லை என்பதை முதலிலேயே சொல்லி வைத்துக்கொண்டேன்.

"தேதி போடலையா நான்? சரி. கோமதி பக்கத்துல இருக்காங்களா? ஒரு தாள் எடுத்துக் குடுங்க. லிஸ்ட் எழுதச் சொல்லுங்க."

"எதெல்லாம் போச்சுன்னா மேடம்?"

"போனது இல்லைங்க. எதெல்லாம் இருக்குன்னு."

கோமதி அழுதுகொண்டே எழுதினாள். ஒன்று, முதல் மூன்று அத்தியாயம், பெரிய மெஷினில். இரண்டு, நாலாம் அத்தியாயத்துக்குக் கையால் எழுதிய குறிப்பு, பதினொரு பக்கம். மூன்று, நிரலின் பழைய பிரிண்ட், கைடு சிவப்பு மையில் திருத்தியது. நாலு என்று போட்டு நின்றுவிட்டாள்.

"அளவெல்லாம் எதுல எழுதி வச்சிருந்த?" என்று கேட்டேன்.

"ஒரு தாள்லக்கா. ஞாயித்துக்கிழமை ஊர்ல எழுதிட்டு வந்தேன். தட்டி முடிச்சதும் அதுலதான் முறுக்கு மடிச்சுச் சாப்பிட்டேன்."

"ஊர்ல எதைப் பாத்து எழுதின?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "செவத்துலக்கா. அப்பா வாரா வாரம் கயிறு விட்டு அளந்து மோட்டார் ரூம் செவத்துல கரியால எழுதி வச்சிருக்கார்." சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டாள். "அக்கா, நாளைக்கு ஆயுத பூஜை. மோட்டாருக்குப் பொட்டு வைக்கிறதுக்கு முன்னாடி ரூமுக்கு வெள்ளையடிப்பாங்க."

என் போனிலிருந்தே அப்பாவைக் கூப்பிட்டாள். நாலு தடவை மணி அடித்த பிறகு அவர் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அப்பா, மோட்டார் ரூமுக்கு வெள்ளையடிச்சிட்டீங்களா?"

"அதை ஏன் கேக்கற. உங்கம்மா காலையிலேருந்து அதுக்குத்தான் திட்டிக்கிட்டு இருக்கா. சுண்ணாம்பு கரைச்சு வச்சாச்சு. அடிக்கிற மட்டைய எங்க வச்சேன்னு தெரியல."

"அப்பா, தேடாதீங்க."

"என்னம்மா?"

"மட்டையத் தேடாதீங்கப்பா. இந்த வருஷம் வெள்ளையே அடிக்க வேணாம். செவத்தைப் பாத்துப் படிங்க, நான் எழுதிக்கறேன்."

அவரிடம் இருந்தது பட்டன் போன். படம் எடுத்து அனுப்ப வழியில்லை. வயலில் நடந்து மோட்டார் ரூமுக்குப் போய், "மேலேருந்தா, கீழேருந்தா?" என்று கேட்டுவிட்டு, வாரம் வாரமாகப் படித்தார். "இருபத்திமூணு அடி... அடுத்தது இருபத்திரெண்டரை... இது என்னன்னு தெரியல, பல்லி எச்சம்... இல்ல, இருபது, இருபதுதான்." நாற்பது வாரத்துக்கு மேல். கடைசியில், "வேற எதாவது இருக்கா? நீ ஏழாங்கிளாஸ் படிக்கறப்ப உங்கம்மா எழுதின கணக்குகூட இங்க கதவுல இருக்கு, படிக்கட்டுமா?" என்றார். கோமதி அழுகையும் சிரிப்புமாகப் போனை என்னிடம் கொடுத்துவிட்டாள். நாலு என்று போட்டிருந்த இடத்தில் 'செவரு' என்று எழுதினாள்.

கோமதி விடுதியிலிருந்து குறிப்புத் தாள்களை எடுத்துவரப் போன பிறகு, குப்பைக் கூடையைக் கொட்டப் போனேன். அந்தச் சீட்டை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். வலது மூலையில் செல்லோடேப். டேப்புக்கு அடியில் தேதி. திங்கட்கிழமைத் தேதி, நீல மையில், தெளிவாக.

மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மேடம் ஐந்து மணிக்கு வந்தார்கள். கல்யாணப் பட்டுப்புடவையோடு நேராகத் துறைத் தலைவர் அறைக்குப் போனோம். விடுமுறையில் லேப்பைத் திறக்க அனுமதி வேண்டும்.

அவர், "அணைச்சா போயிடும்னா அது என்ன மெஷின்மா?" என்றார்.

"அப்படித்தான் சார் அது. சீட்டு ஒட்டியிருந்தேன். தேதி போட மறந்துட்டேன் போல. என் தப்பு" என்றார்கள் மேடம். நான் பக்கத்தில் நின்றேன். கைப்பை என் தோளில்தான் இருந்தது.

"பூஜை போட்ட மெஷினை விஜயதசமிக்கு முன்னாடி எப்படித் தொடறது? பொட்டு வச்சாச்சேம்மா."

"பொட்டு மானிட்டர்லதானே சார் இருக்கு. நாங்க கீபோர்டைத்தான் தொடப்போறோம்."

அவர் சிரித்துவிட்டார். நாலு நாளும் மாலை ஐந்து வரை என்று எழுதிக் கொடுத்தார். கீபோர்டிலும் பொட்டு இருப்பதை நான் சொல்லவில்லை.

விடுதி மூடிவிட்டதால் கோமதியை என் வீட்டுக்கு அழைத்துவந்தேன். மறுநாள் காலை பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்த மாமியாரிடம் பயந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன். சரஸ்வதி பூஜை அன்று எங்கள் வீட்டில் ஒரு வரி படிக்கக் கூடாது, ஒரு எழுத்து எழுதக் கூடாது.

"யாரு அழிச்சது?" என்றார்.

"நான்தான் அத்தை."

"அப்ப நீதான் போகணும். போயிட்டு வா. அந்தச் சடாரின்னு ஒண்ணு வச்சிருக்கியே, அதை வேணா பூஜையில வச்சுட்டுப் போ."

"அது இல்லாம மெஷின் எழுந்திரிக்காது அத்தை."

"அப்ப குங்குமத்தையாவது வச்சு எடுத்துட்டுப் போ. உள்ள போயிடாம ஓரமா வை."

நாங்கள் போனபோது மேடம் தரையில் உட்கார்ந்து மூன்றாம் வரிசைக்குப் புதுக் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். பதினேழுக்குச் சடாரி வைத்தேன். மினுக்கல் நின்றது. ஐந்துக்குப் பதில் பத்து எண்ணினேன்.

கோமதி சொல்லச் சொல்ல நான் தட்டினேன். முதல் பத்தி முடிந்ததும் திரையைப் பார்த்தால் எல்லாச் சொல்லும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக நின்றது. ஸ்பேஸ் பாருக்கு அடியில் சந்தனம் இறங்கிக் காய்ந்திருந்தது. மேடம் எட்டிப் பார்த்து, "கீபோர்டுல பொட்டு இல்லைன்னு சொல்லிட்டு வந்தேனேங்க" என்றார்கள். பஞ்சும் தண்ணீருமாகத் துடைத்துச் சரிசெய்ய அரைமணி நேரம் போனது. அதன் பிறகு அரைமணிக்கு ஒரு முறை மேடம் தலை நிமிராமலே "சேவ்" என்பார்கள், நான் பெரிய மெஷினுக்கு அனுப்புவேன், "வந்துச்சு" என்பார்கள். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. "சேவ்", "வந்துச்சு."

ஞாயிறு மாலை நாலரைக்கு ஐந்தாம் அத்தியாயம் முடிந்தது. பிரிண்டரிடம் மேடம் மரியாதையாகப் பேசி எழுபத்தெட்டுப் பக்கமும் வாங்கினார்கள். நான் கோமதியிடம், "நல்லா வந்திருக்கில்ல?" என்று கேட்டேன். ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் யோசித்துவிட்டு, "முன்ன எழுதினதுதான்க்கா நல்லா இருந்துச்சு. இது பரவாயில்ல" என்றாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு, "பதினேழை நீங்களே அணைங்கக்கா. நான் பக்கத்துல நிக்கறேன்" என்றாள்.

'சேமிக்கவா?' என்று கேட்டது. மேடம் தன் இடத்திலிருந்து, "எல்லாம் இங்க இருக்குங்க" என்றார்கள். 'வேண்டாம்' என்று அழுத்தினேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கோமதி ப்ராஜெக்ட்டைக் கொடுத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம், யாருமில்லாதபோது, சீட்டை எடுத்து மேடத்தின் மேஜையில் வைத்தேன். "தேதி இருந்துச்சு மேடம். புதன்கிழமையே பாத்துட்டேன்."

மேடம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். "டேப்பை எங்க ஒட்டியிருக்கேன் பாருங்க. தேதி மேலயே. எனக்கு இந்தப் பழக்கம் போகவே மாட்டேங்குது" என்றார்கள். செல்லோடேப் வழியாக எழுத்து தெரியும். அது எனக்கும் தெரியும், மேடத்துக்கும் தெரியும்.

"சார்கிட்ட நான் சொல்லிடட்டுமா மேடம்?"

"எதுக்குங்க? அவருக்கு அணைச்சா போயிடும்ங்கறதே இன்னும் புரியல."

மறுநாளிலிருந்து லேப்பில் ஒரு சட்டம் கூடியது. சீட்டை உரிப்பவர் அதன் பின்னால் கையெழுத்துப் போட்டு, மேடத்தின் மேஜையில் வைக்க வேண்டும். வேறு ஒரு சொல்லும் மேடம் அதைப் பற்றிச் சொல்லவில்லை, அன்றும் சரி, நான் சால்வையோடு நின்ற அன்றும் சரி. போன மாதம் மகளுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தபோது, ஒரு தாள் எடுத்து, எவ்வளவு பால் குடித்தாள், எத்தனை தடவை சிறுநீர் போனாள், எப்போது சிரித்தாள் என்று எழுதினேன். டாக்டர் வாங்கிப் படித்துவிட்டு, "இதைத்தான் கேக்கலாம்னு இருந்தேன்" என்றார். இப்போது வேறு கல்லூரியில் இருக்கும் மேடத்துக்குப் போன் செய்து சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சௌமியாவிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, பொட்டு வைக்கணும். இருபத்துநாலையும் அணைச்சுடலாமா?"

பதினேழின் திரையை மட்டும் ஒரு தடவை போட்டுப் பார்த்துச் சொல் என்றேன். கொஞ்ச நேரத்தில் படம் அனுப்பினாள். காலித் திரை. ஒரு கோப்புகூட இல்லை. இருந்தாலும் நான் பெரிதாக்கி, நாலு மூலையும் பார்த்தேன். திரையின் ஓரத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்தேன். ஒன்றுமில்லை.

சௌமியா என்னைவிட எட்டு வயது சின்னவள். அவளிடம் நான் வா, போ என்றுதான் பேசுவேன். அன்று என் கை தானாக எழுதியது:

"அணைச்சுடுங்க."